சூட்டுப் புத்தகத்தில் மந்திரியாரின் கையெழுத்து

வுக் ரடெனோவிச் ஒரு காலத்தில் மந்திரியாக இருந்தவர் என்பதை அந்த லோண்டரியில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததைப் பிழை என்றும் சொல்ல முடியாது. 1997ஆம் ஆண்டு கனடாவின் ஸ்காபரோவில் கூட்டித் துடைக்கிறவர்களில் பாதிப் பேர் ஊரில் எதுவாகவோ இருந்தவர்கள்தான். கோப்பை கழுவுகிறவர் பள்ளிக்கூட அதிபராக இருந்தார், வாசலில் காவல் நிற்கிறவர் எஞ்சினியராக இருந்தார். இருந்தார், இருந்தார் என்று கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துப் போயிருந்தது. அதற்குள் ஒரு சேர்பியாக்காரர் வந்து, தான் பொருளாதாரப் பேராசிரியராகவும் பிறகு மந்திரியாகவும் இருந்ததாகச் சொன்னால் யார் எழும்பி நிற்கப் போகிறார்கள்? பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "மந்திரியார், துணி வண்டில் நிரம்பிட்டுது" என்று எங்கள் தமிழ்ப் பெண்கள் கூப்பிடுவார்கள். மந்திரியார் என்ற சொல்லுக்கு என்ன கருத்து என்று ஒரு நாள் கேட்டு அறிந்துகொண்டார். அதற்குப் பிறகு யார் அப்படிக் கூப்பிட்டாலும் தலையை மெல்லக் குனித்து ஏற்றுக்கொள்வார். கேலி செய்தவர்களுக்குத்தான் கொஞ்சம் வெட்கமாகிவிடும்.

அது ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற லோண்டரி. மார்க்கம் றோட்டில் பஸ் இறங்கி, ரயர்க் கடைக்குப் பின்பக்கமாக நடந்தால் வரும். சின்னத் துணிகளை மெஷின் மடித்துவிடும். பெரிய விரிப்புகளை மட்டும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, கிழிசல் பார்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை கிட்ட வந்து விலகிப் போகிற இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்?

மந்திரியாருக்கு எதிரே நின்றவள் யூஜினி. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்தவள், நாற்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்வதும் இல்லை. அவளும் மந்திரியாரும் பேசியது இங்கிலீசில். இருவருக்கும் அது இரவல் மொழி என்பதால் ஒருவர் விட்ட பிழையை மற்றவர் பெரிதுபடுத்தவில்லை.

மந்திரியாருடைய வாழ்க்கை அவளுக்கு விரிப்பு விரிப்பாகத்தான் கிடைத்தது. அப்பா ரயில் பாதையில் கொடி காட்டுகிறவர். பிள்ளை படிப்பில் சூரன். உபகாரப் பணத்தில் பெல்கிரேட்டுக்குப் படிக்கப் போனார். நாற்பது வருடத்துப் பேக்கரிப் பாண் விலையை ஆராய்ந்து டொக்டர் பட்டம் வாங்கினார். பேராசிரியரானார். ஒரு புத்தகம் எழுதினார். அதை ஒருவரும் காசு கொடுத்து வாங்கவில்லை, ஆனால் எல்லோரும் அதிலிருந்து எடுத்துப் பேசினார்கள். 1993இல், நாடு உடைந்து, பக்கத்தில் சண்டை நடந்து, காசு வெறும் கடதாசியாகிக்கொண்டிருந்த நேரத்தில், விலைவாசிக்குப் பொறுப்பான மந்திரியாக வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். போனார். பதினொரு மாதம் இருந்தார். அதற்குப் பிறகு மனைவி இறந்துபோக, ரொறன்ரோவில் இருந்த மகள் அவரைக் கூப்பிட்டு எடுத்தாள். பதவி எப்படிப் போனது என்று யூஜினி கேட்டதற்கு, பொய் எண்ணுக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று எழும்பி வந்துவிட்டேன் என்றார்.

மற்றவர்களாக இருந்தால் அந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். யூஜினியிடம் முடியவில்லை, ஏனென்றால் யூஜினி ஊரில் பார்த்த உத்தியோகமே விலை எடுக்கிறதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து மாதத்தில் இரண்டு தரம் சைக்கிளில் சந்தைக்குப் போய், அதே கடை, அதே சாமான், அதே அளவு என்று விலை கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அவள் பதினான்கு வருடம் அதைச் செய்தவள். கொழும்பிலிருந்து சாமான் வருவதைத் தடை செய்த காலத்திலும் செய்தவள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் மட்டும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. அதை அவள் கேட்டாள்.

"கடைத்தட்டில் சாமான் இல்லாவிட்டால் என்ன எழுதினீர்கள்?"

மந்திரியாருடைய கையிலிருந்து ஒரு மூலை நழுவியது. அதை எடுத்து, தூசு தட்டி, திரும்பப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். போன மாதத்து விலையை எழுதினோம் என்றார் பிறகு. அரசாங்கக் கடையில் எண்ணெய் இல்லை, சீனி இல்லை, ஆனால் அட்டவணையில் இரண்டும் பழைய விலையில் இருந்தன. சந்தையில் ஒரு போத்தல் எண்ணெய்க்கு ஒரு ஆசிரியர் தன் மாதச் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு அச்சடித்த காசின் பாரம் யாருடைய சமையலறை அலுமாரியில் இறங்கியது என்பது அந்த அட்டவணையைப் பார்க்கிறவனுக்குத் தெரியவே வராது. அவர் பதினொரு மாதமும் அதற்குக் கையெழுத்து வைத்தார். எழும்பி வரவில்லை. மந்திரிசபையை மாற்றியபோது கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

யூஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் கொழும்பிலிருந்து அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. சாமான் கிடைக்காத இடத்தில் முந்திய விலையையே போடவும் என்று ஒரே ஒரு வரி. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, நெருப்புப் பெட்டி, பால்மா என்று முப்பத்தேழு சாமான் சந்தையில் இல்லை. அவள் முப்பத்தேழு வரியிலும் 'இல்லை', 'இல்லை' என்று எழுதி அனுப்பினாள். திருப்பி அனுப்பினார்கள். திரும்பவும் அதையே எழுதினாள். சம்பளத்தை நிற்பாட்டினார்கள். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் சைக்கிள் மிதித்துப் போய் எழுதினாள். கடைசியில் யாழ்ப்பாணத்தையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டார்கள். அவளுடைய வீம்பால் ஒருவருக்கும் ஒரு நெருப்புப் பெட்டிகூடக் கிடைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பொய் எழுதியவனும் அவளும் ஒன்றல்ல.

இவ்வளவையும் மந்திரியாரிடம் சொல்லிவிட்டு, ஒரு கிழமை அவள் அவருடன் பேசவில்லை. நானூறு தடவை கிட்ட வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் மூலையை வாங்கிக்கொண்டு போனாள். எட்டாம் நாள் அவர், உங்கள் மொழியில் அந்தச் சொல் என்ன, நீ முப்பத்தேழு வரியில் எழுதியது என்று கேட்டார். சொன்னாள். இல்லை, இல்லை என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். எங்கள் மொழியில் 'நேமா' என்றார். கோபம் அதோடு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பேச்சு மட்டும் திரும்ப வந்தது.

அந்த வருடம் வெயில் ஜூன் மாதமே தொடங்கிவிட்டது. அயன் மெஷின்கள் ஆறும் ஓடுகிற இடத்தில், காற்றை வெளியே இழுக்கிற விசிறிகள் இரண்டும் பழுதாகிக் கிடந்தன. பெண்கள் முறையிட்டதால் சுவரில் ஒரு தேமோமீற்றர் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று தரம் வாசித்து ஒரு புத்தகத்தில் எழுத ஏற்பாடு நடந்தது. தொழிலாளர் பக்கத்தில் நின்று எழுத யூஜினியைத் தெரிந்தெடுத்தார்கள். எங்கள் சனம் அதற்குச் சூட்டுப் புத்தகம் என்று பெயர் வைத்தது. ஜூனில் இருபத்தொன்பது டிகிரி, முப்பது, முப்பத்தொன்று. ஜூலை இரண்டாம் தேதி புதன்கிழமை பின்னேரம் அவள் நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

வியாழன் காலையில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

பேனாட்டிடம் போய்க் கேட்டாள். பேனாட்தான் சுப்பவைசர். அவரும் குருநகர்தான். அவர் கைபிடித்துக் கொண்டுவந்து வேலையில் விட்ட ஆட்கள் பதினெட்டுப் பேர், அதில் யூஜினியும் ஒருத்தி. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மனேச்சர் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. தேமோமீற்றர் திருத்தக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். யாரோ தொழில் அமைச்சுக்குப் போன் பண்ணிவிட்டார்களாம், அடுத்த கிழமை இன்ஸ்பெக்டர் வருவாராம், புத்தகம் வெறுமையாக இருந்தால் வடிவில்லையாம். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மீற்றர் வருமட்டும் போன மாசத்து நம்பரையே போட்டுவிடு, யூஜினி. ஒரு நம்பர்தானே. அதாலை ஆருக்கு என்ன குறைஞ்சு போகுது?"

கடல் கடந்து, நாடு மாறி, பெயர்கூட வாயில் நுழையாத ஊருக்கு வந்தாலும் அந்தச் சுற்றறிக்கை அவளைத் தேடி வந்துவிட்டது. யூஜினிக்குச் சிரிப்பு வந்தது, அதோடு பயமும் வந்தது. பயத்துக்குக் காரணம் அவளுடைய அப்பா. எழுபத்து மூன்று வயது மனிதர், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பத்து மாதமாக அடைந்து கிடந்தார். இரண்டு தரம் பொலிஸ் சுற்றிவளைப்பில் கொண்டுபோய், இரவிரவாக வாங்குப் பலகையில் இருத்தி வைத்து, பிறகு விட்டார்கள். அவரை ஸ்பொன்சர் பண்ணி எடுப்பதற்கு எல்லாப் பேப்பரும் சரி, வேலை செய்கிற இடத்துக் கடிதம் ஒன்று மட்டும்தான் பாக்கி. ஜூலை முடிவதற்குள் அது போக வேண்டும். இல்லாவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கடிதத்தை அடித்து மேசையில் வைத்திருந்தவர் பேனாட். இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும், மனேச்சரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றார். கடிதத்துக்கும் நம்பருக்கும் தொடுப்பு இருக்கிறதாக அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மூன்று வேலைநாள் அவள் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஒன்பது வரி வெறுமையாகக் கிடந்தது.

மந்திரியாரிடம் சொன்னாள். பதினொரு மாதம் பொய்க்குக் கையெழுத்து வைத்த மனிதர் இப்போதாவது வீரமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. "எழுதிவிடு" என்றார் அவர். "ஒரு எண். உன் அப்பா வரட்டும்."

"நீங்களும் எழுதினீர்கள்தானே. உங்களுக்கு என்ன வந்தது?"

"கொடி கட்டிய கார் ஒன்று வந்தது" என்றார். "பதினொரு மாதம்."

அந்த நாட்களில்தான் லோண்டரி தலைகீழானது. மந்திரியாருடைய மகள் ஒரு சேர்பியப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றாள். அதில் அவருடைய படம். பெல்கிரேட்டில் புதிதாக அமைகிற மந்திரிசபையில் விலைவாசி இலாகாவை ஏற்கும்படி இவரைக் கேட்டிருக்கிறார்களாம். படத்தில் கழுத்துப்பட்டியும் கண்ணாடியும் இருந்தன, மூக்கு சந்தேகமில்லாமல் இவருடையதே. அவ்வளவுதான், சனம் மாறிவிட்டது. வண்டில் நிரம்பிவிட்டது என்று ஒருவரும் கூப்பிடவில்லை, தாங்களே தள்ளிக்கொண்டு போனார்கள். பேனாட் கோப்பி வாங்கிவந்து கொடுத்தார். ஒரு கமராவும் கொண்டுவந்து, மந்திரியாருடைய தோளில் கை போடுவதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் பக்கத்தில் விறைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார். மந்திரியார் மட்டும் வழமைபோல் மூலை பிடித்தார். போவதா இல்லையா என்று யூஜினி கேட்டாள். போகத்தான் போகிறேன், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பகல் செலீன் விழுந்தாள். மன்னார்க்காரி, ஐம்பத்தைந்து வயது, மூன்றாம் மெஷினில் நின்றவள். சத்தம் போடாமல் மடங்கி விழுந்தாள். அம்புலன்ஸ் வந்தது. நல்ல காலம், பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் வற்றிப் போனதுதான் என்றார்கள். ஸ்ரெச்சரில் கிடந்தபடி அவள் கேட்ட ஒரே கேள்வி, மிச்ச நாலு மணித்தியாலத்துக்கும் சம்பளம் வெட்டுவார்களா என்பது.

அம்புலன்ஸ் போனதும் யூஜினி ஆணிக்குக் கீழே கிடந்த சூட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அப்பாவை நினைத்தாள். நினைக்காமல் எழுதினாள் என்று சொன்னால் அது பொய். வாங்கில் முதுகு கூனி இருந்திருப்பாரே என்று நினைத்து, கண் கலங்கி, அதோடுதான் பேனையைத் திறந்தாள். வியாழன் காலை, மத்தியானம், பின்னேரம். வெள்ளி. திங்கள். செவ்வாய் மத்தியானம் வரைக்கும் பதினொரு வரி. எல்லாவற்றிலும் 'இல்லை' என்று தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுப்பெயரில் கையெழுத்து வைத்தாள். யாழ்ப்பாணத்தில் எழுதிய அதே உருண்டை எழுத்து, கை மறக்கவில்லை.

பேனாட் கண்டார். முகம் கறுத்துப் போனது. கத்தவில்லை.

"நான் உன்ரை நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"ஓம் அண்ணை, தெரியும். செலீனக்காவின்ரை நல்லதுக்கு ஆர் சொல்லுறது?"

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். மனேச்சரோடு அரை மணித்தியாலம் கதவு சாத்திப் பேசினார். அங்கேதான் இருவருக்கும் அந்த மகா யோசனை உதித்தது. புத்தகத்தில் எழுதத் தெரிந்த ஒரு தொழிலாளி கையெழுத்து வைத்தால் போதும், அது யூஜினியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மந்திரி ஒருவர் கையில் இருக்கும்போது யூஜினி எதற்கு? ஒரு அரசாங்கத்தின் மந்திரி கையெழுத்து வைத்த புத்தகத்தை எந்த இன்ஸ்பெக்டர் சந்தேகப்படுவார்? புதன்கிழமை காலை புத்தம்புதுப் புத்தகம் ஒன்றை மந்திரியாருக்கு முன்னால் விரித்து, ஜூலை மூன்றாம் தேதியிலிருந்து செவ்வாய் மத்தியானம் வரைக்கும் நிரப்பி உதவும்படி மனேச்சரே வந்து மரியாதையாகக் கேட்டார். எண்களைப் பென்சிலால் ஒரு துண்டில் எழுதியும் கொடுத்தார்.

யூஜினி நாலு முழத்துக்கு அப்பால், இரண்டு மூலையைப் பிடித்தபடி தனியே நின்றாள். விரிப்பின் மறுபக்கம் நிலத்தில் கிடந்தது. இந்த மனிதருக்கு இது தெரிந்த வேலை, கை தானாகவே ஓடும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை போகிறவர், எங்கே யாருக்கு என்ன நடந்தால் என்ன?

மந்திரியார் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பென்சில் துண்டை வாசித்தார். அந்த மீற்றர் எங்கே என்று கேட்டார். திருத்தக் கொடுத்திருக்கிறோம் என்றார் மனேச்சர். சரி என்று தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். நிதானமாக, பதினொரு வரியையும் எழுதி, அடியில் பெரிதாகக் கையெழுத்து வைத்து, டொக்டர் பட்டத்தையும் மந்திரிப் பதவியையும் சேர்த்து எழுதிப் புத்தகத்தை மூடிக் கொடுத்தார். மனேச்சர் நன்றி சொல்லித் திறந்து பார்க்காமலே கொண்டுபோனார். மந்திரியார் திரும்பிவந்து நிலத்தில் கிடந்த மூலைகளை எடுத்தார். யூஜினி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் இன்ஸ்பெக்டர் வந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண், சிரிக்கிற வழக்கம் இல்லாதவள். மனேச்சர் புதுப் புத்தகத்தை நீட்டினார். அவள் திறந்து பார்த்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். பதினொரு வரியிலும் ஒரே சொல் இருந்தது. இது என்ன மொழி என்று கேட்டாள். மனேச்சர் எட்டிப் பார்த்தார். அவருடைய நிறம் அப்போது மாறியதைச் சனம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

"சேர்பிய மொழி" என்று மந்திரியார் விரிப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார். "நேமா. இல்லை என்று கருத்து. இதற்கு முன்னால் ஒரு புத்தகம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். அதில் தமிழில் இருக்கும்."

"எது இல்லை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

யூஜினி முன்னால் போய்ச் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினாள். நாற்பத்தொன்று என்று தான் எழுதிய அடுத்த நாள் காலையில் இருந்து தேமோமீற்றர் இல்லை, விசிறி இல்லை, நேற்று விழுந்த செலீனும் இன்றைக்கு இல்லை என்றாள். இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து ஒரு தேமோமீற்றரை எடுத்து அந்த ஆணியிலேயே கொழுவினாள். பத்து நிமிடம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்து மூன்று. ஆறு மெஷினும் அன்றைக்கே நின்றன. விசிறி இரண்டும் திருத்திய பிறகுதான் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தாள். யூஜினியுடைய பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதி, இந்த ஆளுக்கு ஏதும் நடந்தால் எனக்குத் தெரிய வரும் என்று மனேச்சரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை தப்பியது. கடிதம் வரவில்லை. ஜூலை இருபத்தெட்டு வரைக்கும் அது பேனாட்டின் மேசையில் கிடந்தது, மனேச்சருக்கு நேரமில்லையாம். இருபத்தெட்டாம் தேதி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யூஜினி போய் அந்த மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கையெழுத்து இல்லையெண்டால் பரவாயில்லை, அண்ணை. கையெழுத்து இல்லை எண்டு ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ. நான் அதையே இமிக்ரேஷனுக்கு அனுப்புறன். ஒரு கொப்பியை அந்த இன்ஸ்பெக்டருக்கும் அனுப்புறன்."

பேனாட் எழும்பிப் போய்க் கையெழுத்தோடு வந்தார். அதற்குப் பிறகு மாதா கோயிலிலும் அவளோடு பேசவில்லை. அந்த நட்டத்தை யூஜினி தாங்கிக்கொண்டாள்.

மந்திரியார் சொன்னபடி, இன்ஸ்பெக்டர் வந்த அந்தக் கிழமை வெள்ளிக்கிழமையே போய்விட்டார். விடைபெறும்போது யூஜினி கையைக் கொடுத்தாள், வாழ்த்துச் சொல்லவில்லை. அங்கே போய் என்ன எழுதப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை மெல்லக் குனித்துவிட்டுப் போனார். அவருடைய இடத்துக்கு வந்த பெடியன் மூலையைச் சரியாகச் சேர்க்கமாட்டான், விரிப்பை நிலத்தில் இழுப்பான். யூஜினி ஒவ்வொரு நாளும் அவனைத் திட்டினாள்.

அடுத்த பெப்ரவரியில், முழங்கால் அளவு பனி கொட்டிய ஒரு காலையில், கதவைத் திறந்துகொண்டு மந்திரியார் வந்தார். கழுத்துப்பட்டி இல்லை, பழைய நீலச் சட்டை. கொஞ்சம் மெலிந்திருந்தார். பேனாட் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழும்பி நின்றார். செலீன் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் நேரே வந்து, பெடியனுடைய கையிலிருந்து இரண்டு மூலையையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

இருவரும் இரண்டு விரிப்பு மடித்தார்கள். மூன்றாவதில் அவரே சொன்னார். சத்தியம் செய்து பதவி ஏற்று, நாற்பத்தோராம் நாள் முதல் அட்டவணை அச்சுக்குப் போனது. கடைத்தட்டில் கிடையாத சாமானுக்கு எதிரே விலை போடவில்லை, நேமா என்று போட்டு, தானே கையெழுத்து வைத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அன்று பின்னேரமே கொடி கட்டிய காரைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். இந்த முறை உண்மையாகவே பிரச்சினைப்பட்டுப் போன பதவி, மகளுக்குக்கூட அதில் கொஞ்சம் பெருமை என்றார். சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்தது கவலை இல்லை.

யூஜினி விரிப்பை உதறினாள். அப்பாவுக்கு மெடிக்கல் கடிதம் வந்துவிட்டது, ஏப்ரலில் வருவார் என்ற செய்தி அவள் வாயில் இருந்தது. ஆனால் அவளுக்கு முதலில் வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"எத்தனை வரி?" என்று கேட்டாள்.

"பதினேழு."

இருவரும் நடந்து கிட்ட வந்தார்கள். அவருடைய கையிலிருந்து மூலைகளை வாங்கிக்கொண்டு, யூஜினி முதல்முறையாக அவருடைய கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு முப்பத்தேழு" என்றாள். "மற்ற விரிப்பை எடுங்கள்."